அபயாம்பாளின் குஞ்சலம்

ரஞ்சனி கதவின் மேல்தாழ்ப்பாளையும் போட்டாள். கீழ்த்தாழ்ப்பாள் ஏற்கெனவே போட்டாயிற்று. காமாக்ஷி அத்தைக்கு ஒரு தாழ்ப்பாள் போதாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏண்டி ரஞ்சு, உள்ள என்னடி பண்றே? இப்படித் தனியா உக்காந்திருக்கப்படாதுடி. கதவைத் தற."

"பத்து நிமிஷம் அத்தை."

"என்ன பத்து நிமிஷம்? வெந்நீர் ஆறிண்டிருக்கு. சாஸ்திரிகள் வந்து வாசல்ல உக்காந்தாச்சு. தலைக்கு எண்ணெய் வெச்சு, ஸ்நானம் பண்ணி, புடவை கட்ட வேண்டாமா? உன் ஒருத்தியால முடியுமோ?"

முடியாதுதான். ஆனால் கதவைத் திறக்கவும் முடியாது. ரஞ்சனி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தரையில் ஜமுக்காளத்தின் மேல், காதை மூடி மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்ட மெரூன் கலர் மஃப்ளரோடு அபயாம்பாள் படுத்திருந்தாள். காலையில் இரண்டு வாய் காபி குடித்து, "டிகாக்ஷன் தண்ணியா இருக்குடி" என்று குறை சொல்லிவிட்டுச் சாய்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நாலு வயசு. இது ஒரு வயசா? யாரிடம் போய்க் கேட்பது?

போன வாரம்தான் ரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள். "நான் போயிட்டா என் தலையை நீதான் பாத்துக்கணும். அப்பா பாக்கப்படாது. அவருக்குத் தெரியவே படாது. அதைத் தவிர எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"எதுக்கோ. சரின்னு சொல்லேன்."

ரஞ்சனி சரி என்று சொல்லியிருந்தாள். இப்போது வாசலில் ஒரு கூட்டம், கதவுக்கு வெளியே அத்தை, அத்தைக்குப் பின்னால் எண்ணெய்க் கிண்ணமும் மஞ்சளுமாக எதிராத்து மாமியும் இன்னொரு மாமியும். சரியென்று சொல்வது சுலபமாக இருந்தது.

மஃப்ளருக்கு அடியில் முடி இல்லை. அதுதான் விஷயம்.

சித்திரையில் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ரஞ்சனி அம்மாவோடேயேதான் இருந்தாள். இரண்டாவது தடவை ஏற்றிவிட்டு வந்ததும் முடி சீப்பு சீப்பாகக் கொட்டிற்று. முழங்காலைத் தொடுகிற பின்னல் அம்மாவுக்கு. அப்பா சந்திரமௌலி பேசவே காசு கேட்கிற மனுஷர். முப்பது வருஷத்தில் பெண்டாட்டியை அழகு என்று ஒருநாள் சொன்னதில்லை, புடவை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அம்மா வாசற்படி தாண்டும்போது மட்டும், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அபயா, பின்னலைத் தூக்கிக்கோ. கதவுல மாட்டிக்கும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அம்மா காலம் தள்ளினாள். அது போய்விடும் என்று தெரிந்ததும் உயிருக்குக்கூடப் பயப்படாதவள் பயந்துபோனாள்.

அப்பா சித்திரக்குளத்தைச் சுற்றி நடக்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "மிச்சத்தையும் வெட்டிடுடி" என்றாள். ரஞ்சனி வெட்டினாள். அம்மா அழவில்லை, ரஞ்சனிதான் அழுதாள். அந்த முடியையே எடுத்துக்கொண்டு போய், பாண்டி பஜாரில் சவுரி கட்டுகிறவரிடம் கொடுத்து, கறுப்புத் துணிக் குல்லாயில் வைத்துத் தைத்து வாங்கி வந்தாள். அதைப் போட்டு, மேலே மஃப்ளரைக் கட்டி, கீழே பின்னலைத் தொங்கவிட்டால் யாருக்கும் தெரியவில்லை. சென்னை வெயிலில் மஃப்ளர் எதற்கு என்று யாராவது கேட்டால், "காதுல காத்துப் படப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்பாள். அப்பாவிடமும் அதையேதான் சொன்னாள். அவர் "சரி" என்றார். இரண்டு நாள் கழித்து ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று வாங்கிவந்து மாட்டினார். தான் இருமுவது தொந்தரவு என்று சொல்லிப் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஏண்டி, உசிரோட இருக்கியா நீயாவது?" அத்தை கதவைத் தட்டினாள். "குஞ்சலம் வாங்கிண்டு வந்துட்டேன். இந்தாத்து வழக்கம் தெரியுமோன்னோ? சுமங்கலியாப் போறவளைத் தலை பின்னி, குஞ்சலம் கட்டித்தான் அனுப்பணும். எங்கம்மாவை அப்படித்தான் அனுப்பினோம்."

குஞ்சலம் என்றதும் ரஞ்சனி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவுக்குத் தொங்குகிறதெல்லாம் குஞ்சலம். சடை நுனியில் கட்டுகிற பட்டுநூல் மட்டுமல்ல. டெலிபோன் வயர், அப்பாவின் பூணூலில் முடிந்திருக்கும் பீரோ சாவி, கபாலீஸ்வரர் குடையின் ஓரத்தில் ஆடுகிற ஜரிகை, ஆட்டோக்காரர்கள் கண்ணாடியில் கட்டிவிடுகிற பொம்மை, எல்லாம். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மேலே பாட்டிலை மாட்டியபோது, "இந்தக் குஞ்சலத்தை எப்பம்மா அவுப்பேள்?" என்று கேட்டு, அந்த மலையாளத்து நர்ஸைத் திருதிருவென்று முழிக்க வைத்தாள். சின்ன வயதில் ரஞ்சனி முந்தானையை விட்டு நகர மாட்டாள். "இது என் குஞ்சலம்" என்றுதான் அம்மா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கல்யாணமாகி ரஞ்சனி கே.கே. நகருக்குக் கிளம்பின அன்று எல்லோரும் அழுதார்கள். அம்மா அழவில்லை. "குஞ்சலம் அவுந்துடுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அத்தை," என்றாள் ரஞ்சனி கதவோடு ஒட்டி நின்று. "நீங்க மட்டும் வரேளா?"

"மூணு பேர் வேணும்டி. தூக்கிப் பிடிக்க வேண்டாமா?"

"நீங்க மட்டும்னா தறக்கறேன்."

வெளியே குசுகுசுவென்று பேச்சு. மாமிகளின் கொலுசும் வளையலும் கூடத்துப் பக்கம் நகர்ந்தன.

"அனுப்பிச்சுட்டேன். தற."

"இங்க பாக்கறதை அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கோ."

"எதைடி?"

"பண்ணுங்கோ அத்தை."

அத்தைக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் பிடிக்காது. அவள் அப்பாவுக்கு அக்கா; அந்தக் குடும்பத்தில் யாரும் அவளிடம் சத்தியம் கேட்டதில்லை. மனசில் ஒன்று தோன்றினால் அடுத்த நிமிஷம் அது தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால்தான் அம்மா அவளிடம் மூச்சு விடவில்லை. ஆனால் ரஞ்சனியின் குரலில் என்ன இருந்ததோ, "கற்பகாம்பாள் சத்தியம்" என்றாள் அத்தை.

ரஞ்சனி இரண்டு தாழ்ப்பாளையும் எடுத்து, அத்தையை உள்ளே விட்டு, மறுபடியும் போட்டாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மஃப்ளர் முடிச்சை அவிழ்த்தாள். குல்லாயோடு பின்னலும் கழன்று அவள் கையில் வந்தது.

அத்தை எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை பேசாமல் இருந்து ரஞ்சனி பார்த்ததே கிடையாது.

"எப்பலேர்ந்துடி?"

"வைகாசிலேர்ந்து."

"நவராத்திரிக்கு வந்தேனே." அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அத்தனை பேர் நடுவுல வெச்சு, 'சுமங்கலிப் பொம்மனாட்டி நாள் கெழமையுமா முண்டாசு கட்டிண்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்லையா'ன்னு கேட்டேனேடி. சிரிச்சாளே. சிரிச்சுண்டே சுண்டல் குடுத்தாளே எனக்கு. அடி அபயா, 'போங்கோக்கா'ன்னு ஒரு வார்த்தை திட்டப்படாதோ என்னை!"

அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை என்பதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

அத்தை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கிட்டத்தில் நகர்ந்து வந்து, மூன்று விரலால் எண்ணெயைத் தொட்டு அம்மாவின் தலையில் வைத்தாள். சட்டென்று கையை எடுத்தாள்.

"முடி இருக்கேடி. மொளைச்சிருக்கே."

"ஆமாம் அத்தை."

புரட்டாசியில் டாக்டர், ரஞ்சனியையும் அவள் புருஷன் ஜெயராமையும் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மருந்து ஏற்றிப் பிரயோஜனமில்லை, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். அம்மாவிடம் அவர்கள் சொன்னது வேறு. மருந்து கோர்ஸ் முடிந்துவிட்டது, இனிமேல் மாத்திரைதான் என்றார்கள். மருந்து நின்ற கொஞ்ச நாளில் மண்டையில் முடி எட்டிப்பார்த்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரஞ்சு, தொட்டுப் பாரேன், முள்ளு முள்ளா இருக்கு. உடம்பு தேறிண்டிருக்குடி, அதான்" என்று தினமும் அவள் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொள்வாள். "தைக்குள்ள பின்னற அளவு வந்துடுமா?" என்பாள். ரஞ்சனி "வந்துடும்மா" என்பாள். மருந்தை நிறுத்தியதால் வந்த முடி என்று பெற்ற தாயிடம் எந்தப் பெண் சொல்வாள்? பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருவாள்.

அத்தை பச்சைக் குழந்தைக்குத் தேய்ப்பதுபோல உள்ளங்கையால் மெல்ல மெல்ல எண்ணெய் தேய்த்தாள். இரண்டு பேருமாக அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசினார்கள். அம்மாவின் பிறந்தாத்திலிருந்து மாமா கொண்டுவந்திருந்த அரக்குக் கலர் ஒன்பது கஜத்தைக் கட்டினார்கள். உடம்பு ஒன்றுமே கனக்கவில்லை; அதுதான் ரஞ்சனியால் தாங்க முடியாததாக இருந்தது.

"இந்த மஃப்ளரைக் கட்டி அனுப்ப முடியாதுடி," என்றாள் அத்தை. "எல்லாரும் குங்குமம் வெக்க வருவா. என்னடா இதுன்னு எவளாவது அவுப்பா."

"குல்லாயை மட்டும் போட்டா முன்னாடி துணி தெரியறது அத்தை."

அத்தை குல்லாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பூவாலேயே மூடிடலாம். நெத்தியிலேர்ந்து பிடரி வரைக்கும் ஒரு இடம் விடாம. உன் ஆத்துக்காரனை அனுப்பி இன்னும் பூ வாங்கிண்டு வரச் சொல்லு."

ரஞ்சனி ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து ஜெயராமைக் கூப்பிட்டாள். தெருவில் பூ விற்கிறவள் ஏற்கெனவே வாசலில்தான் நின்றிருந்தாள். "இன்னாத்துக்கு சார் மாட வீதிக்குப் போய்க்கினு? என்னாண்ட கீது. அம்மாவுக்கு எம்மாம் வோணுமோ எட்துக்க" என்று கூடையை அப்படியே ஜன்னல் கம்பிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். மல்லியும் கனகாம்பரமும் கதம்பமுமாகக் கம்பி வழியாக உள்ளே வந்தன.

ரஞ்சனி ஊசியில் கறுப்பு நூலைக் கோத்துக்கொண்டு குல்லாயை அம்மாவின் தலையில் மாட்டப் போனாள்.

"அடியே, போட்டுண்டிருக்கறச்சே தைக்கப்படாது," என்று அத்தை கையைத் தட்டிவிட்டாள். "உசிரோட இருந்தா மாத்திரமா? இப்பவும்தான். கழட்டி மடியில வெச்சுண்டு தை."

ஆகவே அம்மா வெறும் தலையோடு படுத்திருக்க, இரண்டு பேரும் குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு பூச்சரத்தை வரிவரியாகத் தைத்தார்கள். அத்தையின் கண்ணுக்கு ஊசிக்காது தெரியவில்லை. ரஞ்சனியின் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. பாதி தைத்திருப்பார்கள், கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. அத்தையின் தட்டல் மாதிரி இல்லை. விரல் முட்டியால் இரண்டே தட்டு.

"அக்கா."

அப்பா.

ரஞ்சனி மடியிலிருந்ததைப் போட்டுவிட்டு அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்று தெரியும். தெரிந்து என்ன?

"உள்ள வராதேடா!" என்று அத்தை கத்தினாள். "புடவை கட்டிண்டிருக்கோம்!"

"நான் வரலே." அப்பா கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார். "சாஸ்திரிகள் கேட்டார். அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க மெதுவாப் பண்ணுங்கோ. ஒண்ணும் அவசரமில்லே."

செருப்பில்லாத காலடி ஹால் பக்கம் போயிற்று. ரஞ்சனி நிமிர்ந்தபோது அவள் கையெல்லாம் எண்ணெயாக இருந்தது.

தைத்து முடித்ததும் அத்தை பொட்டலத்தைப் பிரித்துக் குஞ்சலத்தை எடுத்தாள். சிவப்புப் பட்டுநூல், ஜரிகைக் கிண்ணம் வைத்த மூன்று குண்டு. ரஞ்சனி அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இது வேண்டாம் அத்தை. கனமா இருக்கு. தூக்கறச்சே இழுத்து, குல்லா நழுவிடும். எல்லார் எதிர்லயும், அப்பா எதிர்லயும்…" குஞ்சலத்தை அத்தையிடமே திருப்பி நீட்டினாள்.

"கட்டலேன்னா ஏன் கட்டலேன்னு கேப்பா. கேட்டா கிட்ட வந்து பாப்பா." அத்தை சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. "இறுக்கிப் போட்டுடலாம். பின்னலை முதுகுக்கு அடியில விட்டுட்டாக் கனம் தெரியாது. யாரும் தொடாம நான் பாத்துக்கறேன். பயப்படாதே."

கட்டினார்கள். குல்லாயை மாட்டி, காதோரமாக இழுத்துவிட்டு, பின்னலை முதுகுக்கு அடியில் கொடுத்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம் வைத்ததும் அம்மா யாரோ மாதிரி, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள். அத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அம்மாவைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவள், காலைத் தொட்டு நமஸ்காரம் பண்ணினாள். ரஞ்சனி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ஹாலில் ஜெயராமும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் அம்மாவைத் தூக்கிவந்து கிடத்தினார்கள். ரஞ்சனி தலைமாட்டிலேயே நடந்து வந்தாள். நழுவவில்லை. பெண்டுகள் ஒவ்வொருத்தராக வந்து குங்குமம் வைத்து நமஸ்காரம் பண்ணினார்கள். "மகராஜி, பூவும் பொட்டுமாப் போறா" என்றார்கள். "தலை கொள்ளாம என்ன பூ, என்ன பூ" என்றார்கள். அத்தை ஒரு பக்கம், ரஞ்சனி ஒரு பக்கம், கோயில் துவாரபாலகர்கள் கெட்டார்கள் போங்கள். அப்பா குளித்த ஈர வேஷ்டியோடு கால்மாட்டில் நின்றிருந்தார். பிள்ளை இல்லாததால் அவர்தான் கர்மா பண்ண வேண்டும். அவர் முகத்தை ரஞ்சனி பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். வாய்க்கரிசி போட்டுவிட்டால் தூக்கிவிடுவார்கள். அம்மா கேட்ட ஒன்றே ஒன்றை முடித்துவிடலாம்.

கடைசியாக எதிராத்து மாமி வந்தாள். குங்குமம் வைத்தாள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"காமு, குஞ்சலம் முதுகுக்கு அடியில போயிடுத்தே. அத்தனை ஆசையா வாங்கிண்டு வந்தேளே. முன்னால எடுத்துப் போட்டா லக்ஷணமா இருக்கும்."

"இருக்கட்டும் மாமி, பரவாயில்லே," என்றாள் அத்தை.

"இதோ, ஒரு நிமிஷம்." நல்ல மனசுதான் மாமிக்கு. அதற்குள் குனிந்து, தோளுக்கு அடியில் கையை விட்டு, பின்னலைப் பிடித்தாயிற்று. அத்தைக்குக் குறுக்கே புக முடியவில்லை. ரஞ்சனி கத்த நினைத்தாள்.

"மாமி, விடுங்கோ."

அப்பா. அவர் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. மாமி கையை எடுத்துவிட்டாள்.

"நான் பண்றேன்."

கால்மாட்டிலிருந்து சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தார். ரஞ்சனி நகர்ந்தாள், நகராமல் என்ன செய்வாள்? நாலு பேர் எதிரில் பெண்டாட்டியின் விரலைக்கூடத் தொட்டறியாத மனுஷர், முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

பின்னலை முன்னால் எடுத்துப் போடுகிற யாரும் அதன் நடுவில் பிடித்து இழுப்பார்கள். அப்பா இழுக்கவில்லை. முதலில் இடது கையைப் பூவுக்கு அடியில், பிடரிக்குக் கீழே கொடுத்தார். கறுப்புத் துணி எங்கே முடிகிறது என்று தேடவே இல்லை. விரல்கள் நேராக அந்த ஓரத்துக்குப் போய் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டன. பிறகு வலது கையால் பின்னலை வேரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, கனம் மேலே ஏறாதபடி, தோளைத் தாண்டித் தூக்கிக் கொண்டுவந்து மார்பின் மேல் வைத்தார். ஒரு பூ நகரவில்லை. சிக்கியிருந்த பட்டுநூலை விரலால் நீவிப் பிரித்துவிட்டார்.

ரஞ்சனி அத்தையைப் பார்த்தாள். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"ஆச்சா மாமா? வாய்க்கரிசி போட்டுடலாமா?" என்றார் சாஸ்திரிகள்.

"ஆச்சு," என்றார் அப்பா. வலது கையை அரிசிக்கு நீட்டினார். இடது கையைப் பூவுக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை.